வினிகர் வாசமும் ஒரு சைக்கிள் டியூப் துண்டும்

நீலசந்திராக்காரிக்கு,

இன்று காலை ஒரு பழைய ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்தேன். என் மாமனாருடையது. அவர் போன பிறகு அலமாரியின் மேல்தட்டில் யாரும் தொடாமல் கிடந்தது. மூடி கழன்றதும் குப்பென்று வினிகர் வாசம். சமையலறையில் ஊறுகாய் பாட்டில் ஏதாவது உடைந்துவிட்டதா என்று உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார். எனக்கோ உன் முகம் வந்துவிட்டது. மூக்கைச் சுளித்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "இன்னாடி இது?" என்று கேட்கிற முகம்.

ஈரம் பட்ட ஆஸ்பிரின் உடைந்துபோகும். ஒரு பக்கம் சாலிசிலிக் அமிலம், இன்னொரு பக்கம் வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலம். பி.எஸ்சி. படிக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதை ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த நான் மறந்தேன், நீ மூக்கால் ஞாபகப்படுத்தினாய். அந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நீ ஒரு பாதியைப் பூட்டி வைத்திருந்தாய். உன்னிடமே சொல்வதில் வாக்கு மீறல் இல்லை என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் சந்தித்தோம். நான் குடியாத்தத்திலிருந்து பெங்களூர் வந்து வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். நீ அதே ஊரில், நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்து, எம்.பார்ம். முடித்து, ஓசூர் ரோடு பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். நான் செய்கிற சேர்மங்களை உன் கல்லூரி எலிகளின் மேல் சோதிப்பது என்று என் ஆராய்ச்சி கைடு ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாள் நான் என் பெயரைச் சொல்வதற்குள் நீ, எத்தனை கிராம் கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டாய். கால் கிராம் என்றேன். அதை வைத்துக்கொண்டு எலிக்குப் பொட்டுதான் வைக்கலாம் என்றாய். சரியான வாயாடி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மெஜஸ்டிக் பஸ் ஏறினேன்.

நம் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நீ சொல்கிற விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்குகின்றன. அதே மருந்தைச் செம்போடோ துத்தநாகத்தோடோ பிணைத்தால் வீக்கம் இன்னும் நன்றாக வடியலாம், வயிறும் பிழைக்கலாம். செம்பும் ஆஸ்பிரினும் சேர்ந்த சேர்மம் முன்பே தெரிந்ததுதான். அதன் தலையில் இன்னொரு சிறிய மூலக்கூறை உட்கார வைப்பது என் வேலை. "இவ கல்யாணம் பண்ணி வெப்பா, குடும்பம் நடக்குதா இல்லையான்னு நான் பாப்பேன்," என்பாய் உன் மாணவிகளிடம்.

குடும்பம் நடக்கிறதா என்று பார்க்கிற விதமும் எனக்கு மறக்கவில்லை. கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளை எலியின் பின்னங்காலில் ஊசியால் போட்டால் பாதம் வீங்கும். கணுக்காலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை காலைப் பாதரசத்தில் முக்கி, எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பாய். மணிக்கு ஒரு தடவை. மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பிழைப்பு.

எலியைப் பிடித்திருக்கிற உன் கையை நான் கவனிக்க ஆரம்பித்தது மூன்றாம் மாதத்தில். விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. முடக்குவாதம். இருபத்தேழு வயதில். காலையில் எழுந்தால் பத்து மணி வரைக்கும் விரல்கள் மடங்காது என்பதால்தான் நீ சோதனைகளைப் பதினொரு மணிக்கு மேல் வைத்திருந்தாய் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நானோ, சோம்பேறி என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். நீ விழுங்கியதும் ஆஸ்பிரின்தான், வேளைக்கு மூன்று. ஒருமுறை கறுப்பாக வாந்தி எடுத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். தங்கம் கலந்த ஊசியும் போட்டார்கள். "கழுத்துல போட வழியில்ல, இடுப்புல போட்டு வுட்டாங்க," என்று நீயே சிரித்தாய். உன் அப்பா கையில் ஒரு செம்பு வளையலையும் மாட்டிவிட்டிருந்தார். அது உன் மணிக்கட்டில் பச்சையாகக் கறை வைத்தது. அதைக் காட்டி, நம் ஆராய்ச்சிக்கு உன் அப்பாதான் முன்னோடி என்றாய்.

பெரிய சேதி எதையும் நீ சிரிக்காமல் சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், பாதரசத்திலிருந்து எலியின் காலை எடுத்துத் துடைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாய்: "இதுக்கு ஆறு மணி நேரத்துல வடிஞ்சிடுது. எனக்குத்தான் ரெண்டு வருஷமா வடியல." அன்றிலிருந்து என் ஆராய்ச்சி எனக்குப் பட்டத்துக்கான ஆராய்ச்சியாக இல்லை. உனக்கு அந்த மருந்து வேண்டும் என்று இருந்தது. மனிதருக்கு வந்து சேர இருபது வருடம் ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஆசைப்பட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். நான் கொண்டுவருகிற கண்ணாடி பாட்டில்களின் மூடியை நீ திறக்கப் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். யாரையும் கூப்பிட மாட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவாய். அதனால் அடுத்த தடவையிலிருந்து மூடிகளை முக்கால் சுற்று மட்டும் சுற்றி, ஒரு துணியில் நிமிர்த்தி வைத்து, டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் அந்த டப்பாவை மடியிலிருந்து இறக்கியதில்லை. உனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு உபகாரம் செய்கிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. திருப்பி மூடுகிறபோதும் உன்னால் இறுக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஏழாம் நம்பர் பாட்டில், என் ஏழாவது சேர்மம், ஜூலை மாதம் வந்தது. நீல நிறத்தில், பார்க்கவே அழகான பொடி. முதல் சோதனையில் சுமாராக வேலை செய்தது, வெறும் ஆஸ்பிரினைவிட ஒரு படி மேல். ஆகஸ்டில் இரண்டாவது சோதனை, நன்றாக. செப்டம்பரில் மூன்றாவது, பிரமாதம். வீக்கம் பாதிக்கும் மேல் வடிந்திருந்தது. வெளியே மூன்று மாதமாக விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது, உன் அலமாரியில் பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. அந்த ஈரத்தையும் ஏறுகிற எண்களையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏன் தடவைக்குத் தடவை ஏறுகிறது என்று நீ கேட்டபோது, உன் கை தேர்ந்துவிட்டது என்று பதில் சொன்னேன். என் கைடு ஹைதராபாத் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். எனக்குப் பெலோஷிப் மார்ச்சில் முடிகிறது. ஏழாம் நம்பர் இருந்தால் தீசிஸ் முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் டிபார்ட்மெண்ட் போனில் கூப்பிட்டு, உடனே வா என்று சொல்லிவிட்டு வைத்தாய். நான் வந்தபோது மேஜையில் மூன்று சோதனைக் குழாய்கள் நின்றன. ஒன்றில் புது ஆஸ்பிரின், ஒன்றில் சாலிசிலிக் அமிலம், ஒன்றில் ஏழாம் நம்பர். என் கையில் பெரிக் குளோரைடு டிராப்பரைக் கொடுத்தாய். சாலிசிலிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கத்தரிப்பூ நிறம் வரும், நல்ல ஆஸ்பிரினில் வராது. ஏழாம் நம்பரில் விட்டேன். குழாய் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

"உன் லேபிள்ல இருக்கறது ஒண்ணு, பாட்டில்ல இருக்கறது ஒண்ணு," என்றாய். "வாசனைய பாரு."

பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். வினிகர்.

நான் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை. உன் அலமாரியில் ஈரம், நீ வைத்திருந்த லட்சணம் சரியில்லை, உன் கல்லூரியில் எதுவும் ஒழுங்கில்லை என்று வரிசையாகக் கொட்டினேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினாய்.

"எனக்கு வர்ற பாட்டில் எதுவும் காலைல தெறக்காது. உன் பாட்டில் மட்டும் விரல் பட்டா தெறக்குது. சும்மா எப்படி தெறக்கும்? நீ மூடறதே இல்ல."

ஒத்துக்கொண்டேன். உன் விரலுக்காகத்தான் என்று சொன்னேன். அதைச் சொன்னால் நீ இளகுவாய் என்று எதிர்பார்த்தேன். உன் முகம் அப்படி இறுகி நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய்.

"என் கை மேல பரிதாபப்பட்ட பாரு, அது நேரா பாட்டிலுக்குள்ள போய் உக்காந்துக்குச்சு," என்றாய்.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன்: இன்று சோதனையே இல்லையே, பத்து மணிக்குள் அந்தப் பாட்டிலை ஏன் திறந்தாய்?

என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"போட்டுக்கலாம்னு. ஒரு சிட்டிகை. மூணு வாட்டி எலிக்கு வடிஞ்சுதே. காலைல ஜடை பின்ன முடியலடி எனக்கு. அப்பா பின்னி வுடறாரு."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கத்தினேன். எலிக்குக் கொடுத்ததை மனுஷி தின்பாளா, நீ படித்தவளா என்று என்னென்னவோ. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத ஒரு பொடியை, என் கையெழுத்தில் லேபிள் ஒட்டியிருந்த ஒரே காரணத்தால், நீ வாயில் போட்டுக்கொள்ள இருந்தாய். என் தீசிஸ், மாநாடு எல்லாம் அந்த நிமிடத்தில் என் மனதிலிருந்து காணாமல் போயின.

"கத்தாத. முழுங்கல. மோந்து பாத்தேன், வெச்சுட்டேன்," என்றாய். பிறகு உன் பழைய குரல் திரும்பியது. "நீ ஒழுங்கா மூடியிருந்தா தெறக்கவே முடிஞ்சிருக்காது, கெட்டதும் தெரிஞ்சிருக்காது. அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிக்கறேன்."

சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் நீ கறாராக ஆகிவிட்டாய். அந்தப் பாட்டிலில் இருப்பது இரண்டு மூன்று பொருள்களின் கலவை, வீக்கத்தை வடியவைத்தது அதில் எது என்று யாருக்கும் தெரியாது, திருப்பிச் செய்து காட்ட முடியாததை மருந்து என்று சொல்லக்கூடாது என்றாய். நாளைக்கே கைடிடம் போய்ச் சொல் என்றாய். யார் அந்த மருந்துக்காக மிக ஆசைப்பட்டாளோ அவளே அதை வேண்டாம் என்று தள்ளினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

புறப்படும்போது வாசல் வரை வந்து ஒன்று சொன்னாய். "வினிகர் கதைய சொல்லு. என் கை கதைய சொல்லாத."

சொல்லவில்லை. மூடியைக் கவனக்குறைவாக விட்டுவிட்டேன் என்று மட்டும் கைடிடம் சொன்னேன். அவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் திட்டினார். ஒரு சொட்டு பெரிக் குளோரைடு விட்டுப் பார்க்கத் தெரியாத ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கருவிகள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார். தீசிஸ் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஊரில் என் அப்பா ஒரு மாதம் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

ஏழாம் நம்பரை மறுபடியும் செய்தேன். தண்ணீரைக் குளிரவைத்து, அவசரப்படாமல், நன்றாக உலர்த்தி, சிறு சிறு பாட்டில்களில் பிரித்து, ஒரு சோதனைக்கு ஒரு பாட்டில் என்று. மூடியைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மேலே மெழுகும் வைத்தேன். உன் மேஜையில் அவற்றை வைத்தேன். காலை பத்து மணி. நீ கைப்பையைத் திறந்து ஒரு கறுப்பு ரப்பர் பட்டையை எடுத்தாய். ஒரு சாண் நீளம். நீலசந்திராவில் உன் அப்பாவின் சைக்கிள் கடையில் வெட்டிய டியூப் துண்டு. அதை மூடியைச் சுற்றி மடித்து, விரல்களை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி, உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்தாய். மெழுகு உதிர்ந்து மூடி சுற்றியது.

"பாத்தியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல," என்றாய்.

அந்தத் துண்டு அதற்கு முன்பே உன் பையில் இருந்ததா, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்ததா என்று நான் கேட்கவில்லை. அதையும் கேட்டிருக்கலாம்.

புது ஏழாம் நம்பர் சுமாராகத்தான் வேலை செய்தது. ஆனால் முதல் தடவை எப்படியோ அப்படியே இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும். வெறும் ஆஸ்பிரினைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். எலிகளின் வயிற்றை விரித்து லென்ஸ் வைத்துச் சிவப்புப் புள்ளிகளை எண்ணினாய். ஆஸ்பிரின் தின்ற எலிகளைவிடக் குறைவாக இருந்தன. இரண்டு தடவை எண்ணிவிட்டு என்னையும் எண்ணச் சொன்னாய். நான் எண்ணியதும் குறைவாகவே வந்தது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு உன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாய். செப்டம்பரில் அந்தப் பிரமாதமான எண்கள் வந்தபோதுகூட உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

கட்டுரை வந்தது. உன் பெயர் இரண்டாவதாக. முதல் பெயர் கல்யாணத் தரகருக்கா என்று ஒரு வாரம் கிண்டல் செய்தாய். ஏழாம் நம்பர் மருந்தாகவில்லை. எலியைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இந்தத் துறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சேர்மங்களின் கதி அதுதான் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. நாம் எழுதிய ஒவ்வொரு வரியையும் இன்றைக்கும் யாராவது திருப்பிச் செய்தால் அதே விடை வரும். இதை நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

அதற்கப்புறம் உனக்கு வேறு மருந்து வந்தது. சில வருடங்கள் நன்றாக இருந்தாய். ஸ்கூட்டி ஓட்டினாய், அல்சூர் ஏரிக்கரையில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய், உன் ஜடையை நீயே பின்னிக்கொண்டாய். பிறகு நுரையீரலில் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசியாக உன்னைப் பார்க்க வந்த மத்தியானம், விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. தண்ணீர் கேட்டாய். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாய். மூடுகிறபோது என் கை தானாகவே முக்கால் சுற்றில் நின்றது. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"முழுசா மூடு," என்றாய்.

முழுதாக மூடினேன். தலையணைக்கு அடியிலிருந்து டியூப் துண்டின் நுனி தெரிந்தது. நான்கு நாள் கழித்து, நீ இல்லாத வீட்டில், உன் அப்பா அதை என் கையில் கொடுத்தார். வேறு எதையும் நான் கேட்கவில்லை, அவரும் வேறு எதையும் தரவில்லை.

இப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. ரொம்பக் கறார் என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். லேபிளில் இருப்பதுதான் பாட்டிலில் இருக்கிறது என்று நம்பி யாரோ ஒருத்தி காலையில் ஜடை பின்ன முடியாமல் அதைத் திறப்பாள். அவள் முகம் எனக்குத் தெரியும்.

இன்று காலைக் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. மாமனாரின் பாட்டில் சுலபமாகத் திறக்கவில்லை. ஆறு மாதமாக என் வலது கட்டைவிரலின் அடிக்கணுவில் வலி. வயதாகிறது என்கிறார் டாக்டர். நான் திருகித் திருகிப் பார்ப்பதைக் கண்டு என் கணவர் எழுந்து வந்து கையை நீட்டினார். நல்ல மனிதர். இனிமேல் வீட்டில் எல்லா மூடியையும் லேசாக வைக்கிறேன் என்றார்.

வேண்டாம், முழுசாகவே மூடுங்கள் என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பினேன். மேஜை டிராயரைத் திறந்து உன் டியூப் துண்டை எடுத்தேன். மூடியைச் சுற்றி மடித்து, விரல்களை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். திறந்துவிட்டது.